கடைசிக் காம்பராவில் சூசையப்பர்

அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருக்கிறது. போன மாதம் சாவு வீட்டில் நாம் கூடியிருந்தபோதும் இதே பேச்சுத்தான் ஓடியது. என்னோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்து, இன்றைக்கு முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருக்கும் நீங்கள் எல்லாரும் தலையை ஆட்டினீர்கள். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நல்லவர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. நல்லவர்கள்தான். கெட்டவர்களாக இருந்திருந்தால் என் எரிச்சல் எப்போதோ அடங்கியிருக்கும்.

நம் தேயிலைத் தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் பதினான்குதான். மற்ற எல்லாரும் மாரியம்மனைக் கும்பிட்டார்கள். நாங்கள் ஐந்தாம் நம்பர் லயத்திலும் ஆறாம் நம்பர் லயத்திலுமாக, வீட்டுக்கு ஒரே அறை, ஒரே காம்பரா, என்று வரிசையாக இருந்தோம். லயத்துக்கு மேலே, ரோட்டோரமாக, தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று நமக்கு இருந்தது. சாமியார் மாதம் ஒரு தடவை வந்து அதில் பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் டவுனிலிருந்த பெரிய கோயிலுக்குப் போவோம். போக ஆறு மைல், வர ஆறு மைல். மழையில் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும்.

பங்குனி பிறந்தால் சூசையப்பர் நவநாள். ஒன்பது நாள் செபம், பத்தாம் நாள் அசனம். ஏழைகள் மூன்று பேரைத் திருக்குடும்பமாக உட்காரவைத்து, அவர்கள் காலைக் கழுவி, முதல் பந்தியில் சோறு போட வேண்டும். வயதான ஆண் ஒருவர் சூசையப்பர். ஒரு பெண் மாதா. ஒரு குழந்தை பாலன். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் பதினான்கு வீட்டிலும் வேகுவது கூப்பன் அரிசிதான். இதில் யாரை ஏழை என்று உட்காரவைப்பது? மாதாவாக உட்கார ஆசைப்படாத பெண் கிடையாது. நீ ஏழை, அதனால் வந்து உட்கார் என்று சொன்னால் அதைப் பொறுக்கிற பெண்ணும் கிடையாது. ஒரு வருடம் இரண்டு பெண்கள் இதற்காகச் சண்டை போட்டு, கிறிஸ்துமஸ் வரைக்கும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒருவர் குடத்தை ஒருவர் தள்ளிவைத்துக்கொண்டிருந்தார்கள்.

இது போதாதென்று அத்தை ஒரு சட்டம் வேறு வைத்திருந்தார். அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. நவநாளுக்கு அவர்தான் எல்லாம். நவநாள் தொடங்கியதிலிருந்து அந்த மூன்று பேரையும் சூசையப்பரே, மாதாவே, பாலனே என்றுதான் கூப்பிட வேண்டும். சொந்தப் பெயர் வாயில் வந்துவிட்டால் அன்றைக்குச் சொன்ன செபம் செல்லாது, திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டும். வேறெந்தத் தோட்டத்திலும் இப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. பக்கத்து வீட்டுக் குடிகாரத் தாத்தாவை ஒன்பது நாளும் சூசையப்பரே என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தோம். அவரும் அந்த ஒன்பது நாள் மட்டும் குடிக்காமல் இருந்தார் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்தத் தாத்தா செத்துப்போன வருடத்தில்தான் இது நடந்தது. சூசையப்பருக்கு ஆள் இல்லை. மாதாவுக்கு மூன்று பேர் போட்டி. நவநாளுக்கு இன்னும் இரண்டே நாள்.

சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் போகிற காலம் அது. மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ்கள் வெள்ளை உடுத்தவர்களை அடைத்துக்கொண்டு நம் தோட்டத்து ரோட்டில் ஏறும். ஒரு நாள் சாயங்காலம் அத்தை சின்னக் கோயிலைக் கூட்டப் போனபோது, வாசலில் மூன்று பேர் முழங்காலில் இருந்தார்கள். நரைத்த தாடியோடு ஒரு ஆள், ஒல்லியான ஒரு பெண், மூன்று வயதுப் பையன். நல்லதண்ணியில் ஒரு தேநீர்க் கடையில் விறகு பிளந்திருக்கிறார் அந்த ஆள். பொலிஸ் வருகிறது என்று கடைக்காரர் பயந்து விரட்டிவிட்டாராம். நடந்து வந்தவர்கள் கூரைமேல் சிலுவையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அவர்கள் இந்தியாவின் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த வேதக்காரர்கள். தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று யாரோ ஒரு தரகன் சொல்ல, தோணி ஏறி வந்திருந்தார்கள்.

கோயில் வாசலிலேயே பெரியவர்கள் கூடினார்கள். ‘கள்ளத்தோணி’ என்ற சொல்லை நம் ஆட்கள் வாயால் நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். கடைவீதியில் நம்மைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால் அப்பாவுக்கு முகம் சிவந்துவிடும். இந்த மண்ணில் மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறிக்கிறோம், யாரைப் பார்த்து என்ன சொல்கிறாய் என்று சட்டையைப் பிடிக்கப் போவார். அந்த அப்பாதான் அன்றைக்கு, கள்ளத்தோணியை லயத்தில் வைத்தால் எல்லாருக்கும் ஆபத்து என்றார்.

அவர் பயம் பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு நம் பிரஜாவுரிமையைப் பறித்திருந்தார்கள். திரும்பக் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று எல்லாரும் காத்திருந்தோம். அப்பா தன் தாத்தா இங்கே வேலைக்கு வந்தபோது கொடுத்த துண்டுச்சீட்டிலிருந்து என் ஞானஸ்நானச் சீட்டு வரைக்கும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, தினமும் திறந்து பார்த்து மூடுவார். வெளியாளை வைத்திருப்பது துரைக்குத் தெரிந்தால் பத்துச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டே அனுப்பிவிடுவார். அதனால் அன்றைக்கே அவர்களை அனுப்பிவிடுவது என்று முடிவாகிவிட்டது.

அப்போது அத்தை அந்த மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“கொஞ்சம் கண்ணத் தொறந்து பாருங்க. தாடி வச்ச ஆளு, பொம்பள, கைப்புள்ள. சூசையப்பரே அனுப்பி வச்சிருக்காருங்க.”

எல்லாரும் பார்த்தார்கள். மாதாவுக்குப் போட்டி போட்ட மூன்று பெண்களுக்கும், மற்ற இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை என்பதில் பெரிய நிம்மதி. அசனம் வரைக்கும் இருக்கட்டும் என்று அப்பாவும் இறங்கி வந்தார். அடைக்கலம் கொடுத்தது இரக்கத்தால்தான் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

ஐந்தாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பராவில் அப்போது ஆடு கட்டியிருந்தோம். ஆட்டை வெளியே இழுத்துவிட்டு அவர்களை உள்ளே விட்டோம். எவ்வளவு கழுவியும் அந்த வாடை போகவில்லை. சாணம் போட்டு மெழுகி, பழைய படங்கை வாசலில் தொங்கவிட்டு, மாதா அதை ஒரு வீடாக்கிக்கொண்டார்.

ஒன்பது நாளும் வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சாப்பாடு போனது. கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பெரும்பாலும் எனக்கு. பள்ளிக்கூடம் விட்டால் நேரே கடைசிக் காம்பராவுக்குத்தான் போவேன். மாதா என்னை முன்னால் உட்காரவைத்துப் பேன் பார்ப்பார். பார்த்துக்கொண்டே கதை சொல்வார். தோணியில் பதினாறு பேர் மீன் வலைக்கு அடியில் படுத்து வந்தது, பாலன் அழாமலிருக்க வாயில் துணியை வைத்து அழுத்தியது, மன்னார்க் கரையில் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டுத் தோணிக்காரன் திரும்பிப் பார்க்காமல் போனது. கடலே பார்க்காத எனக்கு வாய் பிளந்துவிடும். பிள்ளை செத்துவிடும் என்று பயமாக இல்லையா என்று கேட்டேன். அவர் என் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

பாண்காரரைச் சொல்ல வேண்டும். கினிகத்தேனையைச் சேர்ந்த சிங்களவர் அவர். நம் கடைவீதியில் பேக்கரி வைத்து, ரொட்டி சுட்டு, காலையில் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு லயம் லயமாக வருவார். கடைசிக் காம்பராவில் புது ஆட்கள் இருப்பதை அவர் முதல் நாளே பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. பாலன் ஓடி வந்தால் ஒரு பணிஸை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு மணியடித்துக்கொண்டே போவார். நவநாளும் தெரியாது, அசனமும் தெரியாது அவருக்கு.

அசனத்தன்று பெரிய கிடாரத்தில் சோறு வெந்தது. மூன்று பேரையும் பலகையில் உட்காரவைத்தோம். மாதாவுக்கு நீலச் சேலை. அது கோயில் சேலை, வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் ரசகற்பூர வாசத்தோடு பெட்டியிலிருந்து வெளியே வரும். அசனத் தலைவர் என்ற முறையில் அப்பா பித்தளைத் தாம்பாளத்தில் அவர்கள் காலை வைத்துக் கழுவினார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாதாவின் பாதத்தில் உப்புத் தண்ணீர் அரித்த புண் இன்னும் ஆறவில்லை. தண்ணீர் பட்டதும் காலை இழுத்துக்கொண்டார். அப்பா மெதுவாக, மிகவும் மெதுவாகத் துடைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். அதைத்தான் என்னால் எதிலும் சேர்க்க முடியவில்லை. அந்தக் கண்ணீர் நடிப்பு இல்லை.

பந்தி முடிந்ததும் மாதா என் அம்மாவிடம் கேட்டார். “இந்தச் சேலையத் திருப்பிக் குடுத்துரணுமாக்கா?”

கோயில் சேலை, கொடுக்கத்தான் வேண்டும் என்று அம்மா சொன்னார். மாதாவின் சொந்தச் சேலை முழங்காலுக்குக் கீழே கிழிந்து தொங்கியது எல்லாருக்கும் தெரியும். நீலச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். பிறகொரு மழைக்காலத்தில் கோயில் தகரம் பறந்து, பெட்டி நனைந்து, சேலை இற்றுப்போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

அசனம் முடிந்ததும் முறைவைத்த சாப்பாடு நின்றது. வேறென்ன? நவநாள் முடிந்துவிட்டதே. ஆனால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சூசையப்பரே, இந்த விறகைப் பிளந்து போடுங்க. சூசையப்பரே, அந்த ஓட்டையை அடைச்சுக் குடுங்க. பிளந்தார், அடைத்தார். கணக்கப்பிள்ளையிடம் தனக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டார். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் பேர் விழுந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் லயத்தில் இருக்க முடியும். விசாரணை முடியட்டும் என்று அப்பா இரண்டு தடவையும் சொன்னார். மாதாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டதால் போகச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. அம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பினார்.

இனித்தான் என் பங்கு வருகிறது. டவுன் கோயிலில் பூசை முடிந்ததும் எந்தெந்தத் தோட்டத்தில் அசனம் நடந்தது என்று சாமியார் அறிவிப்பு வாசிப்பார். முந்தின ஞாயிறு பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் முப்பது பேருக்குச் சோறு போட்டதாக வாசிக்கவைத்துவிட்டார்கள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நம் அறிவிப்பு அதைத் தூக்கிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி, கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று என்னை எழுதச் சொன்னார். இந்தியாவிலிருந்து கடல் கடந்து, தங்க இடமில்லாமல் வந்த ஒரு குடும்பத்தைத் திருக்குடும்பமாக ஏற்று என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. வலைக்கு அடியில் படுத்து வந்ததையும் மன்னாரில் இறங்கியதையும் நானே சேர்த்தேன். ஐந்தாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பராவில் அடைக்கலம் கொடுத்திருக்கிறோம் என்று முடித்தேன். அப்பா வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். அத்தை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒருவருக்காவது, ஒரே ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா?

சாமியார் வெளிநாட்டுக்காரர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். கோயில் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் என் வாக்கியங்களை ஒவ்வொரு எழுத்தாக, கணீரென்று வாசித்தார். அப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம், கொழுந்து நிறுக்கிற நேரத்தில் ஜீப் வந்தது. நம் தோட்டத்தில் முப்பதுக்கு மேல் லயம். ஜீப் எங்கும் நிற்காமல், யாரிடமும் வழி கேட்காமல், ஐந்தாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் கையில் ஒரு சின்ன நோட்டு. மன்னாரில் இறங்கிய ஆட்கள்தானே என்று அவர் தமிழில் கேட்டார். அது நான் எழுதியது.

நிறுவையிலிருந்து ஆட்கள் கூடைகளோடு ஓடி வந்துவிட்டார்கள். அப்பாவும் வந்தார். இன்ஸ்பெக்டர் அவரை அருகில் கூப்பிட்டு, இந்த ஆட்களைத் தெரியுமா என்று கேட்டார்.

“தெரியாதுங்கய்யா,” என்றார் அப்பா.

காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு மாதா படங்கைப் பிடித்தபடி நின்றார். சூசையப்பர் அப்பாவைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பிச் சொன்னார்: “இவங்களுக்கு எங்களத் தெரியாதுங்க. ஆடு கட்டுற எடம் சும்மா கெடந்திச்சு, நாங்களாப் பூந்துக்கிட்டோம்.”

ஜீப் போனதும் யார் காட்டிக் கொடுத்தது என்ற ஆராய்ச்சி தொடங்கியது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பாண்காரர்தான் என்று முடிவாகிவிட்டது. அவர்தானே தினமும் வந்து பார்த்தார், சிங்களவர் வேறு. மறுநாள் அவர் மணியடித்துக்கொண்டு வந்தபோது ஒரு வீட்டிலும் பாண் வாங்கவில்லை. அவர் கடைசிக் காம்பரா வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், பாலனைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நாலைந்து நாள் வந்தார், அப்புறம் வரவில்லை. எனக்கு உண்மை தெரியும். சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயம் என்று உங்களிடம் சொல்லலாம். பதினெட்டு வயதிலும் அந்தப் பாண்காரரிடம் போய்ச் சொல்லவில்லையே, அதற்கு என்ன சொல்ல? ஜீப் வந்த அன்று சாயங்காலம் அத்தை பிடிபட்ட அந்த மூன்று பேருக்காகவும் செபமாலை சொல்லவைத்தார். நானும் முழங்காலில் நின்று சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். அங்கி முழுக்கச் சேறு. அம்மா போட்ட ஸ்டூலில் அவர் உட்காரவில்லை.

“அந்த அறிவிப்பை நான் வாசித்தேன்,” என்றார். “எழுத்தைப் பார்த்தேன், பொருளைப் பார்க்கவில்லை. என்னுடைய தவறு.”

அப்பாவின் முகம் அப்போதுதான் மாறியது. பாண்காரரைப் பற்றிப் பேச வாயெடுத்த அத்தை அப்படியே நிறுத்திக்கொண்டார். சாமியார் யாரையும் திட்டவில்லை. அவர்களைக் கொழும்பில் வைத்திருக்கிறார்கள், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற கப்பல் வரும் வரைக்கும் அங்கேதான் என்றார். ஆயர் இல்லத்துக்கு வேண்டிய ஒரு வக்கீல் மனு எழுதுவார். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல், குழந்தை சின்னது என்று சொல்லி வெளியே எடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளக் கேட்கலாம், கிடைத்தாலும் கிடைக்கும் என்றார். பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்து, தாளைச் சுவரில் வைத்துக்கொண்டார்.

“அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயர் இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். மூன்று பேருடைய பெயரும் சொல்லுங்கள்.”

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அம்மாவைப் பார்த்தார். முன்வாசல் இஸ்தோப்பில் பதினான்கு வீட்டு ஆட்களும் நின்றார்கள்.

“நவநாள்ல பேரு சொல்லிக் கூப்புடக்கூடாதுங்க சாமி,” என்றார் அத்தை.

“நவநாள் முடிந்து எத்தனை நாள் ஆகிறது?”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “மாதான்னுதான் சாமி கூப்புட்டோம்,” என்றார். மூன்று நாள் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பியவர் அம்மா.

சாமியார் என் பக்கம் குனிந்தார். இந்தப் பிள்ளைதான் எந்நேரமும் அங்கே கிடக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் மளமளவென்று சொன்னேன். தோணியில் பதினாறு பேர். ஊரில் கிணறு உப்பு. மாதாவுடைய அம்மாவுக்கு ஒரு கண் தெரியாது. பாலனுக்குப் பணிஸ் பிடிக்கும். சாமியார் தாளில் ஒன்றும் எழுதவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பெயர்?” என்று மறுபடியும் கேட்டார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு படியிறங்கினார். மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவு தாண்டிக் கேட்காமல் போகும் வரைக்கும் எல்லாரும் அங்கேயே நின்றோம்.

கடலில் மீன் தெரியுமா, தோணிக்குள் மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று நான் மாதாவிடம் ஆயிரம் கேட்டிருக்கிறேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். வந்த முதல் நாள், ஆட்டுப் புழுக்கையைக் கூட்டிக்கொண்டே, உன் பேர் என்ன என்று கேட்டார். ஜீப்பில் ஏறும்போதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டு, இரவல் வாங்கியிருந்த வாளியை அம்மாவிடம் கொடுத்துவிடச் சொன்னார்.